யார் உள்ளே வரலாம், எதுவரை வரலாம்?

ஒரு ஸ்தாபனத்தின் சொத்து என்றால் கட்டடமும் இயந்திரமும் கையிருப்புப் பணமும்தான் என்று எண்ணியிருந்த காலம் போய், வாடிக்கையாளரின் கணக்கு, நோயாளியின் மருத்துவக் குறிப்பு, மாணவனின் மதிப்பெண், ஊழியரின் சம்பளப் பட்டியல் ஆகிய யாவும் எங்கோ குளிரூட்டிய அறையொன்றில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளுக்குள் எழுத்தும் எண்ணுமாக அடங்கிவிட்ட காலம் இது. இந்தப் புதிய சொத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. திருடன் எடுத்துக்கொண்டு போன பிறகும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் களவு நடந்த செய்தியே உடையவனுக்கு மாதக்கணக்கில் தெரியாமல் போவதும் சகஜம். பூட்டு உடைபடுவதில்லை, சுவரில் கன்னம் வைக்கப்படுவதில்லை. ஊழியர் யாரோ ஒருவருடைய பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டிவிட்டு, அந்த ஊழியராகவே திருடன் உள்ளே பிரவேசித்துவிடுகிறான். ஆகையினால், கணினியின் முன்னால் வந்து நிற்பவர் யார் என்று விசாரிப்பதும், உள்ளே வந்தவர் எதுவரை போகலாம் என்று வரையறுப்பதும் எந்த நிர்வாகத்துக்கும் தவிர்க்க முடியாத கடமைகளாகிவிட்டன. இவ்விரண்டில் முதலாவதற்குத்தான் எல்லோரும் பிரயாசைப்படுகிறார்கள், பணமும் செலவிடுகிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் அலட்சியம் செய்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இந்த அலட்சியம் புதியதல்ல, கடவுச்சொல் பிறந்த அன்றே அதுவும் கூடப் பிறந்தது.

ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் ஏற்பாட்டை, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவும் அவருடைய சகாக்களும் 1961ஆம் வருஷம் நவம்பரில் செய்து காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். பலர் புழங்கும் இடத்தில் அவரவர் கோப்புகளைத் தனித்தனியே காப்பாற்றவும், ஒவ்வொருவரும் எத்தனை நேரம் கணினியை உபயோகித்தார் என்று கணக்கு வைக்கவும், ஆளுக்கொரு கடவுச்சொல்லை ஏற்படுத்தினார் கார்பாட்டோ. ராஜாங்க ரகசியம் எதையும் காக்கும் உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரந்தான் கணினி கிடைத்தது. தம் ஆராய்ச்சிக்கு அது போதாமல் தவித்த அவர், 1962இல் ஒரு வழி கண்டார். இன்ன கோப்பை அச்சிட்டுத் தருக என்று துளையட்டையில் எழுதிக் கொடுத்தால், ஆபரேட்டர்கள் அச்சிட்டு, எடுத்துச் செல்வதற்காக ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். ஷெர் ஒரு வெள்ளிக்கிழமை, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி எழுதிக் கொடுத்தார். மறுநாள் போய்த் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான், பிறருடைய நேரமெல்லாம் அவருடைய நேரமாயிற்று. இந்தச் சாமர்த்தியத்தை அவர் வெளியே சொல்லியது ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

அதே ஏற்பாட்டில் 1966இல் நடந்த மற்றொரு சம்பவத்தைக் கார்பாட்டோவே, கணினித் துறையின் மிகப் பெரிய கௌரவமாகிய டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் விவரித்திருக்கிறார். கணினிக்குள் நுழைகிறவர்களுக்கு அன்றன்றைய அறிவிப்பு ஒன்று முதலில் தோன்றும். ஒரு நாள் பிற்பகல், நிர்வாகிகளில் ஒருவர் அந்த அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் கணினி ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியபடியால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு உள்ளே நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும், வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றலாயின.

இவ்விரண்டு சம்பவங்களிலும் ஒருவருடைய கடவுச்சொல்லையும் எவரும் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வாயிற்காவல் சரியாகத்தான் இருந்தது. எவர் கேட்டாலும் எந்தக் கோப்பையும் எடுத்து நீட்டிவிடும் உள்வீட்டு நிர்வாகத்தில்தான் கோளாறு. ஆனால் உலகம் இதிலிருந்து கற்றுக்கொண்டது வாயிற்காவலைப் பலப்படுத்தும் பாடத்தை மட்டுந்தான். அந்தப் பாடமும் அவசியமானதே என்பதால் அதையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடவுச்சொல்லை எழுதியபடியே கணினிக்குள் வைத்திருப்பது அபாயம் என்று தெரிந்த பிறகு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் என்ற அறிஞர் அறுபதுகளிலேயே ஓர் அருமையான யுக்தியை நடைமுறைப்படுத்தினார். கடவுச்சொல்லை ஒரு கணித மாற்றத்துக்கு உட்படுத்தி, அதன் விளைவாகக் கிடைக்கும் குறியீட்டை மட்டுமே கணினி சேமித்து வைக்கும். அந்த மாற்றம் ஒருவழிப் பட்டது. சொல்லிலிருந்து குறியீட்டைப் பெறுவது எளிது, குறியீட்டிலிருந்து சொல்லுக்குத் திரும்புவது ஏறக்குறைய அசாத்தியம். நாம் மறுமுறை வந்து சொல்லைத் தட்டும்போது, கணினி அதே மாற்றத்தைச் செய்து பார்த்து, இரண்டு குறியீடுகளும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது. ஆகவே நம்முடைய கடவுச்சொல் என்னவென்று கணினிக்கே தெரியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று நீங்கள் முறையிடும்போது, ஒழுங்காக அமைந்த ஒரு ஸ்தாபனம் பழைய சொல்லை உங்களுக்கு நினைவூட்டாமல், புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும்படி சொல்வதற்கு இதுவே காரணம். பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கிற நிறுவனம் எதையாவது நீங்கள் கண்டால், அங்கே உங்கள் ரகசியம் எழுதியபடியே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த யுக்தியிலும் ஒரு குறை இருந்தது. திருடன் குறியீட்டிலிருந்து சொல்லுக்குத் திரும்ப முடியாதே தவிர, தனக்குத் தோன்றிய சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து ஒத்துவருகிறதா என்று சோதிக்கலாம் அல்லவா? பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொற்களின் லட்சணத்தை எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 வெறும் ஓரெழுத்து, 72 ஈரெழுத்து, 464 மூன்றெழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைத்தவை ஒரு 492. இப்படி எளிதில் அகப்பட்டவற்றையெல்லாம் கூட்டினால் 2,831, அதாவது நூற்றுக்கு 86. இதற்குப் பரிகாரமாக அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று இன்றுவரை வழக்கில் இருக்கிறது. ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும், ‘சால்ட்’ என்று பொறியாளர்கள் அழைக்கும் தற்செயலான ஓர் எண்ணைச் சேர்த்துக் கணித மாற்றம் செய்தால், இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் குறியீடுகள் வேறுபடும். திருடன் ஒருமுறை போட்ட கணக்கை ஆயிரம் பேர்மீது பிரயோகிக்க முடியாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

சரித்திரத்துக்கும் சில சமயம் பரிகாச உணர்ச்சி வந்துவிடுகிறது. 1988 நவம்பர் 2ஆம் தேதி, இணையத்தில் தானாகவே கணினிக்குக் கணினி தாவிப் பரவும் ஒரு நிரல் வெளிவந்தது. அன்று வலையில் இணைந்திருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அது தாக்கியதாக மதிப்பிட்டார்கள். மென்பொருள்களில் இருந்த ஓட்டைகள் சிலவற்றோடு, தன்னிடமிருந்த 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகித்தும் அது உள்ளே நுழைந்தது. அதை ஏவியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ். ஒன்பது வருஷங்களுக்கு முன் கடவுச்சொற்களின் பலவீனத்தை உலகுக்கு எடுத்துரைத்த அதே ராபர்ட் மாரிஸின் குமாரர்! தந்தை அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியாக உத்தியோகம் வகித்துவந்தார். மகனுக்கு நீதிமன்றம் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே பேராசிரியராகவும் விளங்கினார்.

மனிதர்கள் சுலபமான சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், சட்டம் போட்டுக் கஷ்டமான சொற்களைத் தேர்ந்தெடுக்க வைத்துவிடலாம் என்று அடுத்தபடியாக எண்ணினார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதலை ஆதாரமாகக் கொண்டு, பெரிய எழுத்து ஒன்று வேண்டும், சிறிய எழுத்து ஒன்று வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும் என்று உலகெங்கும் அலுவலகங்கள் விதி வகுத்தன. விதி வந்தது, மனித சுபாவம் மாறவில்லை. ‘முருகன்@1’ என்று வைத்திருந்தவர் அடுத்த தவணையில் ‘முருகன்@2’ என்று மாற்றினார், அதற்கடுத்த தவணையில் ‘முருகன்@3’. அதுவும் ஞாபகத்தில் நிற்காதவர் மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டிவைத்தார். சற்று ஜாக்கிரதையானவர் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டினார். அந்த வழிகாட்டுதலை எழுதிய பில் பர், ஓய்வுபெற்ற பிறகு 2017இல், தாம் எழுதியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகையிடம் மனம் திறந்து சொன்னார். அந்த வருஷம் நிஸ்ட் தன் விதிகளையும் மாற்றிக்கொண்டது. களவு போனதற்கு அறிகுறி இருந்தாலொழியக் கடவுச்சொல்லைக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம்; குறிகளைத் திணிப்பதைவிட நீளத்துக்கு இடம் கொடுப்பது மேல்; ஏற்கெனவே களவுபோய் வெளியில் உலவும் சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருப்பதை மறுத்துவிடுங்கள் என்பவை புதிய விதிகளின் சாரம். இவ்வளவுக்குப் பின்னும் நம் நாட்டில் எத்தனையோ அலுவலகங்கள் பழைய விதியையே வேத வாக்காகப் பிடித்துக்கொண்டிருப்பது ஆச்சரியந்தான்.

கடவுச்சொல் எவ்வளவு கடினமானதாயினும் அது திருடு போகக்கூடியது என்பதனால், அதற்குத் துணையாக இரண்டாவது சான்று ஒன்றைக் கேட்கும் வழக்கம் வந்தது. நமக்குத் தெரிந்த ஒன்று, நம் கையில் உள்ள ஒன்று, நம் உடலோடு ஒட்டிய ஒன்று என்று சான்றுகள் மூவகை. கடவுச்சொல் முதல் வகை, கைபேசி இரண்டாவது, கைரேகை மூன்றாவது. (கைரேகையின் சௌகரியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள், கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம், கைரேகையின் பிரதி களவு போனால் விரலை மாற்றிக்கொள்ள முடியாது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.) இந்த விஷயத்தில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் பணம் செலுத்துவோரிடம் கூடுதல் சான்று ஒன்றைக் கேட்டே தீரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது, ஓ.டி.பி. என்ற மூன்றெழுத்தைக் காய்கறிக் கடைக்காரரும் அறிந்திருப்பதற்கு அந்த ஆக்ஞையும் ஒரு காரணம்.

அலுவலகங்களில் குறுஞ்செய்திக்குப் பதிலாகக் கைபேசிச் செயலியிலேயே ஆறு இலக்க எண் தோன்றித் தோன்றி மறைவதைப் பலர் பார்த்திருக்கலாம். எந்த வலைத்தொடர்பும் இல்லாமலே அது எப்படிச் சரியான எண்ணைச் சொல்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை எளிது. முதன்முதலில் பதிவு செய்யும்போது கணினியும் கைபேசியும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு இரண்டும் அந்த ரகசியத்தையும் கடிகாரம் காட்டும் நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை விடை மாறும். இரு பக்கமும் ஒரே விடை வந்தால் கைபேசி உரியவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் உரியவரையே ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்கு அதுதான் நேர்ந்தது. ஒப்பந்த ஊழியர் ஒருவருடைய கடவுச்சொல்லைப் பெற்றுவிட்ட ஆசாமி திரும்பத் திரும்ப உள்ளே நுழைய முயன்றான். ஒவ்வொரு முயற்சிக்கும் ‘அனுமதிக்கலாமா?’ என்ற கேள்வி அந்த ஊழியரைத் தேடி வந்துகொண்டேயிருந்தது. கடைசியில் ஒரு தடவை அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். ஆள் சலிக்கும்வரை கதவைத் தட்டுவதும் ஒரு தாக்குதல் முறையாகிவிட்டது. ஆகையால் இப்போது பாஸ்கீ என்றும் பாதுகாப்புச் சாவி என்றும் வழங்கும் சாதனங்களை நிபுணர்கள் சிபாரிசு செய்கிறார்கள். இவற்றில் வெளியே சொல்லக்கூடிய ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது. கைபேசிக்குள்ளோ சிறு சாவிக்குள்ளோ அடங்கிய கணித ரகசியம், எந்த முகவரிக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அந்த முகவரி கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். அசல் வங்கியைப்போல் வேஷம் போட்ட போலித் தளம் எவ்வளவு நயமாகக் கேட்டாலும் அது வாய் திறக்காது. கூகுள் நிறுவனம் தன் 85,000க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கிய பிறகு, ஒரு கணக்குகூட ஏமாற்றிக் கைப்பற்றப்பட்டதாக உறுதியாகவில்லை என்று 2018இல் தெரிவித்தது.

இதுவரை சொன்னது வாயிற்படிச் சமாசாரம். உள்ளே வந்தவர் எதுவரை போகலாம் என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களில், ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் முக்கியமானவர்கள். 1975இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் வகுத்த நியமங்கள் ஐம்பது வருஷங்களுக்குப் பிறகும் ஒரு சொல்கூடப் பழசாகாமல் இருக்கின்றன. ஒருவர் தம் வேலையை முடிப்பதற்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவே கொடுக்கப்பட வேண்டும், இம்மியும் அதிகமாக அல்ல என்பது அவற்றில் தலையாயது. வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எதுவும் தடுக்கப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்பது இன்னொன்று. முக்கியமான காரியத்துக்கு ஒருவருடைய சம்மதம் மட்டும் போதாது, இருவர் சேர்ந்தாலொழியக் கதவு திறக்கக் கூடாது என்பது மற்றொன்று. கடைசியாகச் சொன்னது நம் வங்கிகளுக்குப் புதிதல்ல. பெட்டகத்தின் இரண்டு சாவிகளும் இரு வேறு உத்தியோகஸ்தர்களிடம் இருக்கவேண்டும் என்பது கணினிக்கு முந்திய நியமம். ஒரு குமாஸ்தா பதிவு செய்ததை இன்னொரு அதிகாரி அங்கீகரித்தால்தான் பணம் நகரும் என்று வங்கி மென்பொருள்களில் இன்று இருக்கும் ஏற்பாடு அந்த இரண்டு சாவியின் வாரிசு.

ஆயிரம் ஊழியர்கள் உள்ள இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அதிகாரம் வகுத்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமல்ல. ஆகவே அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுத்து, ஆளை அந்தப் பொறுப்பில் அமர்த்துவது என்ற முறையை, 1992இல் நிஸ்ட் அறிஞர்களான டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் ஓர் ஒழுங்கான கொள்கையாக வகுத்துக் கொடுத்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருப்பவர் நோயாளியின் பெயரையும் வருகை நேரத்தையும் பார்க்கலாம், நோய் இன்னதென்று பார்க்க அவசியமில்லை. பரிசோதனைக்கூடத்துக்காரர் ரத்த முடிவைப் பதியலாம், மருந்துச் சீட்டைத் திருத்தக் கூடாது. கணக்கர் கட்டணத்தைக் காணலாம், ஸ்கேன் படம் அவருக்கு எதற்கு? நர்ஸ் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அந்தப் பொறுப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும். நள்ளிரவில் உயிர் ஊசலாடும்போது, உரிய மருத்துவர் இல்லையென்பதற்காகக் குறிப்பைப் பார்க்க விடாமல் கணினி மறுக்கலாமா என்றால், மறுக்கக் கூடாது. அவசரத் திறப்பு என்று ஒரு வழி வைத்து, யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்று பதிந்து, மறுநாள் காலையில் கேள்வி கேட்கவேண்டும்.

காகிதத்தில் இது வெகு அழகாக இருக்கிறது. நடைமுறையில் இதைக் கெடுப்பவை இரண்டு, இரண்டும் நல்ல மனசிலிருந்தே பிறப்பவை. ஒன்று, இரவல் கொடுப்பது. “சார், நாளைக்கு நான் லீவு. ஏதாவது அவசரமென்றால் என் பாஸ்வேர்டு டிராயரில் இருக்கிறது, நீங்களே போட்டு முடித்துவிடுங்கள்” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகாத குமாஸ்தா உண்டா? சொல்கிறவரும் உத்தமர், கேட்கிறவரும் உத்தமர். ஆனால் அன்று நடந்த காரியங்களெல்லாம் ஊரில் இல்லாத ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். நாளை ஒரு பிசகு வந்தால், எவரைக் கேட்பது? கணினிச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் காப்பாற்றி வைக்கவேண்டும் என்று நம் மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. பலர் ஒரே பெயரில் நுழையும் அலுவலகத்தில் 180 நாள் என்ன, 180 வருஷம் காப்பாற்றினாலும் அந்தப் பதிவேடு சாட்சி சொல்லாது.

மற்றொன்று, கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுவது. கொள்முதல் பிரிவில் ஐந்து வருஷம் இருந்தவர் கணக்குப் பிரிவுக்கு மாற்றலாகிறார். புதிய அதிகாரத்தை அன்றே கொடுத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். பழைய அதிகாரத்தை எடுக்காவிட்டால் எந்த வேலையும் நிற்பதில்லை, ஆகையால் எடுப்பதில்லை. விளைவு, புதிய சப்ளையர் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரமும், அதே சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துவிடுகின்றன. எந்த மேலதிகாரியும் கையெழுத்திட்டு இப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்திருக்கமாட்டார். இது தானாகவே வளர்ந்தது.

இந்த அலட்சியம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் அனுபவத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டெக்ஸஸ் மாகாணத்து ஹூஸ்டனிலிருந்து நியூஜெர்சி வரை 5,500 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டு, கிழக்குக் கடற்கரைப் பிரதேசம் உபயோகிக்கும் எரிபொருளில் சுமார் நூற்றுக்கு 45 பங்கை எடுத்துச் செல்லும் நிறுவனம் அது. 2021 மே 7ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஊழியர் ஒருவர் கணினியில் பணயம் கேட்கும் மிரட்டல் கடிதத்தைக் கண்டார். 5.55க்குக் குழாய்களை நிறுத்தத் தொடங்கினார்கள், 6.10க்கு 5,500 மைலும் நின்றுவிட்டது. பின்னர் பல மாகாணங்களில் பெட்ரோல் பங்குகளின் முன்னே கார்கள் வரிசை கட்டி நின்றன; டார்க்சைட் என்ற கூட்டத்தாருக்கு நிறுவனம் 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், பணயமாகக் கொடுத்தது. அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க அரசு பிற்பாடு மீட்டது.

திருடர்கள் புகுந்த வழி எது? வெளியிலிருந்தபடியே அலுவலகக் கணினிகளுக்குள் வர உதவும் வி.பி.என். கணக்கு ஒன்று. அது உபயோகத்தில் இல்லாத பழைய கணக்கு, ஆனால் மூடப்படவில்லை. இரண்டாவது சான்று கேட்கும் ஏற்பாடும் அதற்கு இல்லை. நிறுவனத்தின் தலைவர் ஜோசப் பிளவுண்ட், ஜூன் 8ஆம் தேதி செனட் சபைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, அந்தக் கடவுச்சொல் எவரும் ஊகித்துவிடக்கூடிய சாமானியச் சொல் அல்ல, சிக்கலானதுதான் என்று தெரிவித்தார். அவர் சொன்னதை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்ற நியமங்களெல்லாம் அங்கே செவ்வையாக அனுஷ்டிக்கப்பட்டிருக்கலாம். வெளியில் கசிந்து உலவிய கடவுச்சொற்களின் குவியல் ஒன்றில் அந்தச் சொல்லும் கிடந்தது. ஒருவருக்கும் உபயோகமில்லாத ஒரு கதவுக்குக் கடினமான பூட்டு எதற்கு? அந்தக் கதவே அங்கே இருந்திருக்கக் கூடாது.

இன்னும் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. திருடர்கள் முடக்கியது நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளைத்தான். எண்ணெயை நகர்த்தும் யந்திரங்களின் கணினிகளை அல்ல. பிறகு ஏன் குழாய்களை நிறுத்தினார்கள்? வந்தவன் எதுவரை போயிருக்கிறான் என்று அந்த விடியற்காலையில் எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவில் எவ்வளவு உறுதியான கதவு இருக்கிறது என்பதில் நம்பிக்கை இல்லாத நிர்வாகம், ஒரே ஓர் அனாதைக் கணக்கின் பொருட்டு முழு நாட்டின் ஒரு பெரும் பகுதிக்கு எரிபொருளை நிறுத்த வேண்டியதாயிற்று. குழாய்கள் மறுபடி ஓடத் தொடங்கியது மே 12ஆம் தேதிதான்.

கடவுச்சொல்லைக் கண்டுபிடித்த கார்பாட்டோவே, தம் முதுமையில், 2014இல், அது இணையத்தில் ஒரு துர்ச்சொப்பனமாகிவிட்டது என்று பத்திரிகைக்குச் சொன்னார். பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் பரவினால், அந்தத் துர்ச்சொப்பனம் ஒருவேளை கலையலாம். ஆனால் வாயிலில் எந்தப் புதிய சாதனத்தை வைத்தாலும், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அது தானாக ரத்து செய்யாது; மாற்றலாகிப் போனவரின் பழைய அதிகாரத்தைத் தானாகப் பறிக்காது. அதைச் செய்யவேண்டியவர் பொறியாளர்கூட அல்ல. இன்னாருக்கு இன்ன காரியம் என்று தெரிந்தவர் அந்தந்தப் பிரிவின் தலைவர்தான். வருஷத்துக்கு இரண்டு முறையாவது தம் பிரிவின் ஜாபிதாவைக் கையில் வாங்கி, பெயர் பெயராகப் பார்த்து, இவருக்கு இது இன்னமும் வேண்டுமா என்று கேட்கவேண்டியவர் அவரே. பல இடங்களில் அவரும், படித்துப் பார்க்காமலே எல்லாப் பெயருக்கும் எதிரே ‘சரி’ போட்டு அனுப்பிவிடுகிறார்.

இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் ஒரு பள்ளிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, சிறு தொழிற்சாலைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ பொறுப்பு வகிப்பவர்கள் இருப்பீர்கள். நாளைக்கு அலுவலகம் போனதும், உங்கள் கணினிகளுக்குள் நுழைய அனுமதி பெற்ற எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். சம்பளப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓய்வுபெற்றவர், ராஜிநாமா செய்தவர், ஒப்பந்தம் முடிந்துபோன கம்பெனியின் ஆள், ‘டெஸ்ட்’ என்றும் ‘அட்மின்2’ என்றும் யாருடையது என்றே தெரியாமல் நிற்கும் பெயர்கள், இவற்றையெல்லாம் அன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உள்ளே வர உதவும் வி.பி.என். கணக்குகளிலிருந்து ஆரம்பியுங்கள்.